வர்ணனையை மட்டும் குறைக்க ரிமோட்டில் ஏன் பொத்தான் இல்லை?

கேள்வி இதுதான்: டிவியில் கிரிக்கெட் ஓடும்போது வர்ணனையைக் குறைத்துவிட்டு மைதானத்துச் சத்தத்தை மட்டும் கேட்க முடியுமா? வீட்டில் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவருக்கு நேர்மாறாக வர்ணனைதான் தெளிவாகக் கேட்க வேண்டும். அட்மோஸ் (சுற்றிலும் தலைக்கு மேலும் சத்தம் வரவைக்கும் டால்பியின் முறை) சவுண்ட்பார் வாங்கினால் இரண்டும் நடக்குமா?

நடக்காது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. சவுண்ட்பார் என்பது வந்த சத்தத்தை விரித்துக் கொடுக்கும் சாதனம். ஒன்றாகக் கலந்து வந்ததைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை இல்லை. நீங்கள் கேட்பது தொழில்நுட்பத்தில் சாத்தியமானது, பதினைந்து வருடத்துக்கு முன்பே செய்தும் காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கான மாற்றம் நடக்க வேண்டிய இடம் உங்கள் ஹால் இல்லை, ஒளிபரப்புகிறவர்களின் மிக்சர் மேஜை.

இந்த ஆசையும் பழையதுதான். தூர்தர்ஷன் காலத்தில் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, பக்கத்தில் டிரான்சிஸ்டரை வைத்து வானொலியில் அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் சொன்ன தமிழ் வர்ணனையோடு மேட்ச் பார்த்த வீடுகள் நிறைய. படம் ஓரிடத்திலிருந்து, குரல் வேறிடத்திலிருந்து, எது எவ்வளவு என்பது வீட்டுக்காரர் கையில். இப்போது அதைச் செய்து பாருங்கள், ஒத்துவராது. சேட்டிலைட்டில் வரும் டிஜிட்டல் படம் சில வினாடி பின்தங்கித்தான் வருகிறது, மொபைல் ஸ்ட்ரீமிங் அதைவிடப் பின்தங்கும். ரேடியோவில் அவுட்டாகிப் போனவர் டிவியில் அப்போதுதான் ஆடத் தயாராகிக்கொண்டிருப்பார்.

சரி, மேட்ச் சத்தம் எப்படி உருவாகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மீதி தானாகப் புரியும். நான் சில வருடங்கள் ஓபி வேனில், அதாவது மைதானத்துக்கு வெளியே நிற்கும் அந்த ஒளிபரப்பு லாரியில், ஆடியோ பக்கம் உட்கார்ந்தவன். கிரிக்கெட் என்றால் இரண்டு முனையிலும் ஸ்டம்புக்குள்ளோ அடியிலோ மைக், எல்லைக்கோட்டைச் சுற்றி நீளக் குழல் போன்ற ஷாட்கன் மைக்குகள், ரசிகர்களுக்கென்று தனியாகச் சில மைக். இவை எல்லாம் மேஜையில் ஒன்றாகச் சேர்ந்தால் வருவதற்கு ‘இன்டர்நேஷனல் சவுண்ட்’ என்று பெயர். அதில் வர்ணனை கிடையாது. நீங்கள் கேட்கிற அதே ‘மைதானத்துச் சத்தம் மட்டும்’, ஒவ்வொரு மேட்சிலும், உயிரோடு, லாரிக்குள் இருக்கிறது. அதன்மேல்தான் தமிழ், இந்தி, தெலுங்கு என்று ஒவ்வொரு மொழி வர்ணனையையும் ஊற்றி வெவ்வேறு ஃபீடாக அனுப்புகிறார்கள். 2023-இல் ஜியோசினிமா ஐபிஎல்லை 12 மொழிகளில் காட்டியது நினைவிருக்கும், போஜ்புரி வர்ணனை அப்போதுதான் பிரபலமானது. 12 மொழி என்றால் 12 குழம்பு, அடியில் இருப்பது ஒரே புளிக்கரைசல். அந்தக் கரைசலை மட்டும் பதின்மூன்றாவது ஃபீடாக அனுப்பினால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஸ்டம்ப் மைக்கின் ஃபேடரில், அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டையில், விரலை வைத்து உட்கார்ந்திருப்பவனின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதும் ஃபேடர் மேலே போகும், பந்து பேட்டில் பட்டு, ஓட்டம் முடிந்து, பந்து கீப்பர் கைக்கு வந்ததும் கீழே இறங்கும். டெஸ்ட் மேட்சில் ஒரு நாளைக்கு 540 பந்து, 540 தடவை. ஏன் இறக்க வேண்டும் என்றால், பந்து செத்தபிறகு ஆட்டக்காரர்கள் பேசுவது வீட்டில் கேட்கக் கூடாது என்று முன்பு கட்டுப்பாடு இருந்தது. ஐசிசி அதை 2018 கடைசியில்தான் தளர்த்தியது. ஒரு உள்ளூர் லீக் மேட்சில் நான் இறக்க மறந்துவிட்டேன். பேட்ஸ்மேனின் குடும்பத்தைப் பற்றி கீப்பர் வைத்திருந்த கருத்து நல்ல ஸ்டீரியோவில் ஊரெல்லாம் போனது, அதற்கு இன்டர்காமில் தயாரிப்பாளர் என்னிடம் சொன்னது அதைவிடக் காரமாக இருந்தது.

ஆனால் ரசிகர்களுக்கு அந்த மைக் பிடித்துப்போய்விட்டது என்பதும் உண்மை. தினேஷ் கார்த்திக் கீப்பராக நின்று நம்மூர்ப் பந்துவீச்சாளர்களுக்குத் தமிழில் யோசனை சொல்வது கேட்டு நம் ஆட்கள் குதித்ததும், 2022 ஜனவரியில் கேப்டவுனில் தென்னாப்பிரிக்க பேட்ஸ்மேன் எல்கருக்குக் கொடுத்த எல்பிடபிள்யூ மறுபரிசீலனையில் ரத்தானதும் அஸ்வின் ஸ்டம்ப் மைக்கை நோக்கி, ஜெயிக்க வேறு நல்ல வழி பாருங்கள் என்று ஒளிபரப்பு நிறுவனத்தைக் குத்தியதும் வர்ணனையாளர் சொல்லிக் கேட்டவை இல்லை, நாமே கேட்டவை. மைதானத்துக்குள் நிற்கிற மாதிரி என்று சொல்வார்களே, அதற்கு எட்டு ஸ்பீக்கர் வேண்டாம், சரியான இடத்தில் ஒரு மைக் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கால்பந்தில் இது இன்னும் கஷ்டம். ஆடுகளத்தைச் சுற்றிச் சுமார் ஒரு டஜன் மைக் இருக்கும். பந்து போகிற பக்கத்து மைக்கை ஏற்றி, விட்டுப்போன மைக்கை இறக்கிக்கொண்டே ஒருவர் 90 நிமிடம் இரண்டு கையாலும் ஃபேடர்களில் வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகத் திறந்து வைத்தால் ரசிகர்களின் இரைச்சல் உதையின் ‘டம்’மை விழுங்கிவிடும். இதைத் தானாகச் செய்ய ஜெர்மனியின் லாவோ நிறுவனம் ‘கிக்’ என்று ஒன்று செய்தது: பந்து எங்கே இருக்கிறது என்ற கண்காணிப்புத் தரவை வாங்கிக்கொண்டு அதுவே ஃபேடர்களை நகர்த்தும். இங்கிலாந்தில் சால்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். உதையின் சத்தம் எப்படி இருக்கும் என்று கணினிக்குப் பழக்கி, மைக்குகளில் அது எங்கே கேட்கிறதோ அங்கிருந்து பொறுக்கியெடுக்க வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சால்சா சவுண்ட் என்ற நிறுவனம். உதை தனியாக, கூட்டம் தனியாக, வர்ணனை தனியாக. இந்தத் ‘தனியாக’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது.

இப்போது நடப்பது சாம்பார் சாதம். கலந்துதான் வருகிறது, உப்பு அதிகம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆப்ஜெக்ட் ஆடியோ என்பது பார்சல் சாப்பாடு: சோறு தனி, சாம்பார் தனி, ரசம் தனி, மோர் தனிப் பொட்டலம். கூடவே எதை எவ்வளவு ஊற்றினால் நன்றாயிருக்கும் என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்புக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். கலப்பது உங்கள் இலையில், அதாவது உங்கள் டிவிக்குள் நடக்கும். இதற்கென்றே ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் (எம்பி3-இல் பெரும் பங்கு அவர்களுடையதுதான்) முன்னின்று உருவாக்கிய தரத்தின் பெயர் எம்பெக்-ஹெச், டால்பியின் போட்டிச் சரக்கு ஏசி-4. எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம்: அந்தக் குறிப்பில் அனுப்புகிறவர் எல்லையும் போடலாம். வர்ணனையை இவ்வளவு வரைதான் குறைக்கலாம், இவ்வளவு வரைதான் கூட்டலாம், அல்லது தொடவே கூடாது என்று. ஆக ரிமோட் உங்கள் கையில் வந்தாலும் கயிறு அவர்கள் கையில்தான்.

இது பேப்பரில் மட்டும் இருக்கிற விஷயமும் இல்லை. 2011 விம்பிள்டனில் பிபிசியும் ஃபிரான்ஹோஃபரும் சேர்ந்து ‘நெட்மிக்ஸ்’ என்று ஒரு சோதனை செய்தார்கள். இணையத்தில் ரேடியோ 5 லைவ் கேட்பவர் வர்ணனைக்கும் டென்னிஸ் கோர்ட்டின் சத்தத்துக்கும் இடையே ஒரு கட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொள்ளலாம். 2013 மே மாதம் லண்டன் வெம்பிளியில் கிரிஸ்டல் பேலஸும் வாட்ஃபோர்டும் மோதிய பிளேஆஃப் இறுதி ஆட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த அணி ரசிகர்கள் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் விட்டார்கள். சேப்பாக்கத்தில் சென்னை-மும்பை ஆட்டத்துக்கு இது வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மும்பை பக்கம் கேட்க ஆசைப்பட்டாலும் அங்கே நாலு பேர்தான் கத்திக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நாடு முழுக்க இதைக் கொண்டுவந்ததில் தென் கொரியா முந்திக்கொண்டது. 2017 மே மாத இறுதியில் அங்கே தொடங்கிய, ஆன்டெனாவில் வரும் யுஎச்டி (மிகத் தெளிவான படம்) ஒளிபரப்புக்கு ஆடியோ தரம் எம்பெக்-ஹெச்தான், பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு முன்பே டிவிகளும் கடைக்கு வந்துவிட்டன. அடுத்து பிரேசில். அவர்களின் புதிய டிவி 3.0 ஒளிபரப்புக்கும் இதையே தேர்ந்தெடுத்தார்கள், 2025 ஆகஸ்டில் அதற்கான ஆணையும் வந்தது. கால்பந்துப் பைத்தியம் பிடித்த நாடு, வேறென்ன செய்யும்.

பிரித்து அனுப்புவது ஏன் அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையின் வுவுசெலா நல்ல உதாரணம். அந்த பிளாஸ்டிக் ஊதுகுழலின் அடிப்படைச் சுருதி 233 ஹெர்ட்ஸ் பக்கம். அதையும் அதன் மடங்குகளையும் ஃபில்டர் போட்டு வெட்டலாம் என்று போனால், மனிதக் குரலும் அந்தப் பிரதேசத்திலேயே குடியிருக்கிறது. வெட்ட வெட்ட வர்ணனையாளர் சளிபிடித்தவர் மாதிரி ஆகிறார். அது எல்லா மைக்கிலும் புகுந்திருந்தது, வர்ணனை மைக் உட்பட. இப்படி நுழையும் சத்தத்தைத் தடுக்கத்தான் பிபிசி வர்ணனையாளர்கள் பலர் இன்றும் பழைய ரிப்பன் மைக்கை மேலுதட்டில் ஒட்ட வைத்துப் பேசுகிறார்கள், பார்த்திருப்பீர்கள், மீசை மழிக்கும் மெஷின் போல இருக்கும். அதற்குள் பக்கத்துச் சத்தம் அதிகம் நுழையாது. உள்ளரங்க ஆட்டங்களில் வேறு தலைவலி. கபடி அரங்கில் டிஜே போடும் பாட்டு கூரையில் மோதி எல்லா மைக்கிலும் இறங்கும், ரெய்டர் மூச்சுவிடாமல் சொல்லும் ‘கபடி கபடி’யை அதிலிருந்து மீட்பது ஆற்றுக்குள் விழுந்த ஊசியைத் தேடுவதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான பக்கம். நாம் கேட்கும் ‘இயல்பான மைதானச் சத்தம்’ எவ்வளவு இயல்பு? 1996 அட்லாண்டா முதல் பல ஒலிம்பிக்ஸில் ஒலி வடிவமைத்த டென்னிஸ் பாக்ஸ்டர் இதை ஒளிக்காமல் பேசியவர். வில்வித்தையில் வில் முனையிலும் இலக்கு முனையிலும் மைக் வைத்தபோது அவருக்குத் திருப்தி இல்லை. நடுவழியில் தரையில் ஒரு மைக் வைத்தார், அம்பு தலைக்கு மேல் பறக்கும் ‘விஷ்ஷ்’ கிடைத்தது. அரங்கில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காத சத்தம், வீட்டில் இருந்தவருக்குக் கேட்டது. படகுப் போட்டியில் கூடவே வரும் மோட்டார் படகும் ஹெலிகாப்டரும் துடுப்புச் சத்தத்தை அமுக்கிவிடுவதால், முன்பே ஒரு நாள் துடுப்புப் போடுபவர்களை வைத்துப் பதிவு செய்து, போட்டியன்று அதை சாம்ப்ளரிலிருந்து, அதாவது பதிந்த சத்தத்தை வேண்டும்போது ஒலிக்கவிடும் கருவியிலிருந்து, ஓடவிட்டார். பொய் என்பீர்களா? எனக்கு அம்பு மைக் நியாயம், துடுப்புப் பதிவு கொஞ்சம் உறுத்தல். ஆனால் 2020-இல் கொரோனாவில் காலி மைதானத்தில் ஆட்டம் நடந்தபோது, வீடியோ கேமுக்காகச் சேர்த்து வைத்திருந்த ரசிகர் கூச்சலை இங்கிலாந்து கால்பந்து ஒளிபரப்பில் ஒருவர் உட்கார்ந்து ஆட்டத்துக்கேற்ப வாசித்தார், நாமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அதில் ஒரு நல்லது நடந்தது: கூச்சல் வேண்டாதவர்களுக்கு அது இல்லாத ஃபீடையும் ஸ்கை ஸ்போர்ட்ஸ் தனியாகக் கொடுத்தது. நெருக்கடி வந்தால் பொத்தான் தானாக முளைக்கிறது.

இனி அட்மோஸுக்கு வருவோம், நீங்கள் கேட்டது அதைத்தானே. சுற்றிலும் ஒலிப்பது ஒரு விஷயம், தேர்ந்தெடுக்க முடிவது இன்னொரு விஷயம், இரண்டையும் விளம்பரங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. அட்மோஸ் 2012-இல் சினிமா அரங்குக்கு வந்தது. 2017-இல் பிரிட்டனில் பிடி ஸ்போர்ட் நேரடி கால்பந்துக்குக் கொண்டுவந்தது. விளையாட்டில் பெரும்பாலும் 5.1.4 என்கிற அமைப்பில்தான் செய்கிறார்கள்: காது மட்டத்தில் ஐந்து, அதிர்வுக்கு ஒரு சப்வூஃபர், தலைக்கு மேல் நான்கு. டோக்கியோ ஒலிம்பிக்ஸை இப்படித்தான் தயாரித்தார்கள். ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 2018 டிசம்பரில் தொடங்கிய 8கே சேனலுக்கு 22.2, மொத்தம் 24 ஸ்பீக்கர். அதை வீட்டில் மாட்ட முதலில் வீடு வேண்டும்.

திறந்த மைதானத்தில் தலைக்கு மேல் என்ன சத்தம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆகாயம்தான். பார்வையாளர் பகுதிக் கூரையிலிருந்து திரும்பும் ஆரவாரம், ஒலிபெருக்கி அறிவிப்பு, எப்போதாவது ஹெலிகாப்டர். ஆக, தலைக்கு மேலிருக்கும் ஸ்பீக்கர்கள் கிரிக்கெட்டுக்குத் தரும் லாபம் குறைவு என்பது என் கணக்கு. கூரை போட்ட கால்பந்து அரங்கிலும் கூடைப்பந்திலும் நிஜமாகவே வித்தியாசம் தெரியும், கூட்டம் எழுந்து நிற்கும்போது அறையின் உயரமே கூடியது போல இருக்கும். அதுவும் ஒளிபரப்பே அப்படி வந்தால். ஸ்டீரியோவாக வந்ததை ‘அட்மோஸ் போல’ ஊதிக் காட்டும் மோடில் மேட்ச் பார்க்காதீர்கள், வர்ணனையாளர் குளியலறையிலிருந்து பேசுவது போல இருக்கும்.

நம்மூரில் பலர் போனில், ஹெட்ஃபோனில் பார்க்கிறார்கள் என்பதால் எனக்கு ஸ்பீக்கரைவிட இதில்தான் நம்பிக்கை. இரண்டே காதுதானே நமக்கு, பின்னாலிருந்து வரும் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஒரு காதுக்குக் கொஞ்சம் முந்தி வருகிறது, தலை நிழல் விழுகிறது, காது மடலின் மடிப்புகள் சில சுருதிகளை அமுக்குகின்றன. அந்தக் கணக்கை ஹெட்ஃபோனில் போலி செய்தால் முன், பின், மேல் எல்லாம் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால் உங்கள் காது மடல் என் காது மடல் இல்லை. ஆப்பிள் 2022-இல் ஐஓஎஸ் 16-இல் போன் கேமராவால் காதை ஸ்கேன் செய்து அதற்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதி கொண்டுவந்தது இதற்காகத்தான்.

இந்த முழுத் துறையிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலிய ஓப்பனில் 2021-இல் சோதித்த ‘ஆக்‌ஷன் ஆடியோ’. டென்னிஸ் ஆஸ்திரேலியாவும் மொனாஷ் பல்கலைக்கழகமும் ஏகேக்யூஏ என்ற வடிவமைப்பு நிறுவனமும் சேர்ந்து செய்தது. கோட்டுக்கு உள்ளா வெளியா என்று பார்க்கப் பந்தைப் பின்தொடரும் கேமராத் தரவு ஏற்கனவே இருக்கிறது அல்லவா, அதை எடுத்துப் பந்தின் வேகத்தையும் இடத்தையும் சத்தமாக மாற்றி, பார்வையற்ற ரசிகரின் காதில் இடமும் வலமுமாக ஓடவிட்டார்கள். பந்து கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் விழுந்தது என்பதற்கும் தனி ஒலி. வர்ணனையாளர் சொல்லி முடிப்பதற்குள் பந்து இரண்டு முறை போய்வந்துவிடும் ஆட்டத்தில், முதல்முறையாக ஆட்டத்தை ஆட்ட வேகத்திலேயே கேட்க முடிந்தது.

அப்படியென்றால் இந்தியாவில் ஏன் வரவில்லை? வீட்டிலிருக்கும் செட்டாப் பெட்டிகளில் பெரும்பாலானவைக்கு இந்தப் புதிய தரங்கள் தெரியாது. கலந்து அனுப்பும்போது ஒரு மிக்ஸைச் சரிபார்த்தால் போதும், பிரித்து அனுப்பினால் பார்வையாளர் போடக்கூடிய எல்லாச் சேர்க்கையும் காதுக்கு நன்றாயிருக்க வேண்டும். இன்னொன்று யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன், இது என் ஊகம்: சிக்ஸருக்கும் கேட்சுக்கும் ஸ்பான்சர் பெயரை வாயால் சொல்வது வர்ணனையாளர். அந்த வாயை மூட உங்களுக்கு ஒரு பொத்தான் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அதுவரை என்ன செய்யலாம். உங்கள் பெட்டியில் மேட்ச் நிஜமான 5.1-இல் வந்து, ஏவி ரிசீவரும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் சத்தம் அனுப்பும் பெட்டி) தனி ஸ்பீக்கர்களும் இருந்தால், சென்டர் ஸ்பீக்கரின் அளவை மட்டும் குறைத்துப் பாருங்கள். பல ஒளிபரப்புகளில் வர்ணனை நடு ஸ்பீக்கரில்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்டம்ப் மைக் சத்தமும் கொஞ்சம் கூடவே போகும், பரவாயில்லை. வெறும் ஸ்டீரியோ என்றால் கரோக்கி முறையில் இடதிலிருந்து வலதைக் கழிக்கலாம், நடுவில் இருப்பது போய்விடும், ஆனால் மிச்சம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். தமிழ் ஃபீடிலிருந்து இந்தி ஃபீடைக் கழித்தால் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். புத்திசாலித்தனமான கேள்வி, விடைதான் தலைகீழ்: இரண்டுக்கும் பொதுவான மைதானச் சத்தம் போய், இரண்டு மொழி வர்ணனையும் மிஞ்சும்.

அப்பாவுக்கு வழி இதைவிடச் சுலபம். டிவி அமைப்பில் ‘கிளியர் வாய்ஸ்’ மாதிரி ஏதாவது பெயரில் ஒன்று இருக்கும், அது பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். ஜெர்மனியில் ஏஆர்டி என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம் இதையே செயற்கை நுண்ணறிவால் பேச்சைப் பிரித்தெடுத்து ‘தெளிவான பேச்சு’ என்று தனி ஒலித்தடமாகத் தருகிறது. ஆனால் ஒரே ஹாலில் ஒரே டிவியில் உங்களுக்கு வர்ணனை குறைந்தும் அவருக்குக் கூடியும் கேட்பது எந்தத் தரத்தாலும் நடக்காது, யாராவது ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டித்தான் ஆக வேண்டும். அவருக்கு டிவியிலேயே இணைக்கும் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுங்கள், போனில் தனி ஸ்ட்ரீம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சிக்ஸருக்குக் கைதட்டி அரை நிமிடம் கழித்து அவர் ‘அடிச்சான் பார்’ என்று எழுந்து நிற்பார்.